முந்திக்கொண்ட ‘நிறுத்து’

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போலத் திரிவதால் எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘வெந்நீர்’ என்று பெயர். லிஃப்டுக்குக்கூட நின்றதில்லை, படியேறிவிடுவாள். உட்கார்ந்தால் கால் ஆடும், பக்கத்திலிருக்கும் என் மேசையும் சேர்ந்து ஆடும். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் ஆட்டம் ரொம்ப அதிகம். எங்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனையில், டாக்டர் நிறுத்தச் சொன்ன மருந்தை ஒரு நர்ஸ் கொடுத்துவிட்டார். நோயாளி தப்பித்துக்கொண்டார், நர்ஸின் வேலைதான் ஊசலாடியது. திரையில் ‘கொடு’ என்றுதான் இருந்தது என்றார் அவர். டாக்டரோ, ‘கொடு’ என்று பதிந்த கையோடு மனம் மாறி ‘நிறுத்து’ என்றும் பதிந்தேன் என்றார். வார்டில் எல்லாருக்கும் ஒரே கணினி, யார் அழுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நர்ஸ்தான் கைதவறி மறுபடி ‘கொடு’வை அழுத்தியிருப்பார் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

“நம்ம பக்கம் தப்பில்லன்னு எழுதிக் குடுத்துடலாம்” என்றார் டீம் லீடர். “நாளைக்கு விசாரணை.”

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அந்தப் புரோகிராமை எழுதுனவ நான்” என்றாள் வெந்நீர்.

எங்கள் சர்வருக்குள் எட்டு த்ரெட்டுகள். வருகிற பதிவுகளைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்யும் எட்டு ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, ஒவ்வொரு அடியையும் குறித்துவைக்கச் சொல்லி வரிகள் சேர்த்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வரிகளை எடுத்தாள்; ஒருமுறை தப்பாக வந்தது. மறுபடி சேர்த்தாள், மறுபடி சமர்த்து. வாத்தியார் தலை தெரிந்ததும் கைகட்டி உட்காரும் வகுப்புதான். “சாப்டியா?” என்று போனில் கேட்ட கணவரிடம், “பார்த்துச் சொல்றேன்” என்றாள்.

போனை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள். “குறிச்சு வைக்கச் சொன்னா எல்லாரும் மெதுவாயிடறாங்க. மெதுவானா யாரும் யாரையும் முந்தறதில்ல.”

‘கொடு’வை எடுத்த த்ரெட்டை வேண்டுமென்றே கொஞ்சம் காக்கவைத்தாள். பின்னால் வந்த ‘நிறுத்து’ இன்னொன்றின் கையில் முந்திப் போய்ப் பதிந்தது. பிந்திய ‘கொடு’ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான். அவள் கால் நின்றுவிட்டது.

ஒரு நோயாளியின் பதிவுகள் அத்தனையும் ஒரே த்ரெட்டுக்குத்தான், வந்த வரிசையில்தான் போகவேண்டும் என்று மாற்றி எழுதினாள்.

“வேகம் குறையுமே?” என்றார் லீடர்.

“காத்திருக்கட்டும் சார்” என்றாள், லிஃப்டுக்கு நிற்காதவள். “தப்பு என்னோடதுன்னே எழுதுங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் எழுதினார்.

பிறகு அவளே நர்ஸைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“நீங்க அழுத்தலைங்க. எங்க புரோகிராம்தான் வரிசையை மாத்திடுச்சு.”



“நெஜமாவா?” என்றார் நர்ஸ். “எல்லாரும் சொல்லச் சொல்ல, அழுத்துன மாதிரி ஞாபகமே வந்துடுச்சுங்க எனக்கு.”