மைனஸ் முப்பது அத்தான்

நான் மின்சாரக் கார் வாங்கிய செய்தி கனடா வரைக்கும் போய்விட்டது. அது போன வேகத்தில் என் காருக்கு ஒரு நாளும் சார்ஜ் ஏறியதில்லை. வேதக்கோயில் அசன விருந்துக்கென்று மே மாத வெயிலில் அக்காவும் அத்தானும் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினார்கள். வந்த அன்றே அத்தான் சாவியைக் கேட்டார். அக்கா மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் சொன்னதை மறுத்துப் பேசும் வழக்கமும் கிடையாது.

அத்தான் கனடாவில் பல வருஷமாக மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறார். மைனஸ் முப்பதில் பேட்டரி எப்படி விறைத்துப் போகும், வேக சார்ஜரில் மாட்டினாலும் எப்படி ஆமையாய் ஏறும், மாட்டும் முன் அதை எப்படிச் சூடேற்ற வேண்டும் என்று அசனப் பந்தியிலேயே பாடம் எடுத்தார். கறிச்சோற்றில் வியர்வை சொட்ட, பந்தியே தலையாட்டியது. எங்கள் முருகன்குறிச்சியில் பனி பெய்யும் அன்றைக்கு உதவும் அல்லவா?

அவர்கள் திரும்பும் நாள் வந்தது. மதுரையில் விமானம். அக்கா ஏற்கெனவே ஒரு தடவை லீவை நீட்டியிருந்தாள். இந்த விமானத்தை விட்டால் அவள் வேலைக்கு உத்தரவாதமில்லை. முந்தின நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் வீட்டில் சார்ஜ் சரியாக ஏறவில்லை.

"வழியில போட்டுக்கிடலாம் மாப்ளே" என்று அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

கங்கைகொண்டான் தாண்டி ஒரு ஹோட்டல் வளாகத்தில் சார்ஜர் இருந்தது. அதுவரை வண்டியை விரட்டுவதும் பிரேக்கை அழுத்துவதுமாகவே வந்தார். பேட்டரியைச் சூடேற்றுகிறாராம், உச்சி வெயிலில். சார்ஜருக்கு இரண்டு பக்கமும் நிறுத்தலாம். ஒரு பக்கம் தகரக் கூரை நிழல் காலியாகக் கிடந்தது. அவர் வெட்டவெளிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சூடு எறங்கிரக் கூடாதுல்லா" என்றவர் ஏசியையும் அணைத்தார். குளிர் நாட்டில் ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கரண்ட் மிச்சமாம். கொப்பரையில் வைத்த இட்லி மாதிரி மூவரும் உள்ளே வெந்தோம். அக்கா மடியில் அவளுடைய பனிக்கோட்டு வேறு.

முதலில் ஜோராக ஏறிய சார்ஜ் சட்டென்று படுத்துவிட்டது. பேட்டரி சூடு அதிகம் என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

"இங்கன உள்ள மெஷினு சரியில்ல மாப்ளே."

"ஆமா அத்தான்" என்றேன். என் வாயில் வேறென்ன வரும்?

அதற்குள் புல்லட்டில் போன ஒருவர் இறங்கி வந்து, "ஒரு தடவ போட்டா எம்புட்டு ஓடும் அண்ணாச்சி?" என்று கேட்டார். அத்தான் கண்ணாடியை இறக்கி அவருக்கும் மைனஸ் முப்பதை ஆரம்பித்தார். விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பின்சீட்டிலிருந்து அக்கா கேட்டாள். "அந்தக் குளிருல ஒரு நாளாவது கீழ எறங்கியிருக்கியளா? வயரு கம்பு கணக்கா வெறைச்சு நிக்கும். அத வளைச்சு மாட்டுதது நான். சார்ஜர போன்ல தட்டித்தான் ஆரம்பிக்கணும், கையுறையோட தொட்டா அது கேக்காதுன்னு கையுறையையும் கழட்டிட்டு நிக்கது நான். நீங்க உள்ள இருந்து நம்பர வாசிப்பிய."

புல்லட்காரர் பைய நழுவினார். அத்தான் கண்ணாடியை ஏற்றினார். அக்கா அவரை இறங்கச் சொல்லிவிட்டு, வயரைப் பிடுங்க வைத்து, வண்டியைத் தானே நிழலுக்குக் கொண்டுபோனாள். ஏசியைப் போட்டாள்.

"நீங்களே மாட்டுங்க. வெயிலுதான். வெரல் மரத்துப் போகாது."

அத்தான் சுட்ட கைப்பிடியைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு மாட்டினார். சூடு தணியத் தணிய சார்ஜ் ஏறத் தொடங்கியது. மூச்சு வாங்க மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

 அத்தான் கதையைக் கேட்டு மனதுக்குள் எவ்வளவு சிரித்திருப்பேன்! அந்தக் கதைக்குள் அக்கா வெறுங்கையோடு நின்றது தெரியவில்லை. விமானம் தவறக் கூடாதென்று காலையிலிருந்து ஜெபித்தவன், தவறியிருக்கலாமே என்று நினைத்தேன். அத்தான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது, "வேலை போனாப் போகுதுக்கா. இங்கனயே இருந்திரேன்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "இருந்திரலாம். அங்கன வயரப் பிடிக்க ஆரு இருக்காலே?" என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலிலேயே பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.