மாட்டுக்கொட்டமும் என் ரெண்டு பிள்ளைகளும்

ரெண்டாவது உண்டாயிருந்தப்ப எனக்கு ஒரே பயந்தான். மூத்தவனை மாதிரி இதுக்கும் மூச்சு இளைப்பு வந்துட்டா என்ன செய்ய? அவனுக்கு அப்ப அஞ்சு வயசு. தேனியில நாங்க குடியிருந்த வீட்டைத் தூசி ஒட்டாமத் துடைச்சுத் துடைச்சு என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம்.

ஓடைப்பட்டியில வாக்கப்பட்ட எங்க அக்கா பிள்ளைக ரெண்டும் மாட்டுக்கொட்டத்துலயே உருண்டு பொரளுதுக. திராட்சையைக் கழுவாமக் கொடியிலேருந்து பிச்சுத் திங்குதுக. ஒரு தும்மல் கிடையாது! இது என்ன அநியாயம்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். "மாடு கன்னு, புழுதியோட வளர்ற பிள்ளைக உடம்பு சின்னதுலயே அதுக்குப் பழகிருதோ என்னவோ. தாய் வயித்துல இருக்கப்பவே பழகுதுன்னுகூடச் சொல்றாக. உறுதியாச் சொல்ல முடியாதும்மா"ன்னாக. அந்தக் கடைசி வார்த்தை என் காதுல ஏறவே இல்லை.

மறுநாளே மூத்தவனையும் இழுத்துக்கிட்டு ஓடைப்பட்டிக்குக் கிளம்பிட்டேன். "சாணி அள்ளுறதுக்குன்னே பஸ் ஏறி வந்த மொதப் பொம்பளை நீதாண்டி"ன்னு அக்கா சிரியாச் சிரிச்சா. சிரிக்கட்டுமே. காலையில வயித்தைத் தள்ளிக்கிட்டுக் கொட்டத்துக்குள்ள போயி, மாட்டுக்குப் பக்கத்துல நின்னு மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். மூத்தவனை மட்டும் உள்ள விடலை. வைக்கோல் தூசி அவனுக்கு ஆகாதுன்னு சொன்னதும் அதே டாக்டர்தான். ஒண்ணுக்கு மருந்து, இன்னொண்ணுக்கு விஷமா? கிறுக்குப் பிடிக்காத குறைதான் எனக்கு.

ஒருநா கொட்டத்துலேருந்து வந்த என்னை அவன் ஓடி வந்து இடுப்போட கட்டிக்கிட்டான். சேலையெல்லாம் வைக்கோல் தூசி. "தள்ளிப் போடா!"ன்னு கத்தி, அவனைப் பிடிச்சுத் தள்ளுனேன். அதுக்குள்ள இளைப்பு வந்துருச்சு. மருந்தை உறிஞ்ச வச்சேன். மூச்சு திரும்புனதும் அவன் கேட்டான். "பாப்பாவுக்கு நல்லதுன்னா எனக்கு மட்டும் ஏம்மா ஆகலை?"

தலை குளிச்சு, அந்தச் சேலையை அங்கனயே போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சோம்.

பொறந்தது பொண்ணு. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் இளைப்பு இல்லை. அந்தச் சாணியாலயா, அவ உடம்பு வாகா, எனக்கு ஒரு எழவும் புரியலை. டாக்டரும் உதட்டைப் பிதுக்குறாக. அவ கைப்பிள்ளையா இருந்தப்ப மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிலுக்குள்ள குனிஞ்சு, அவ நெஞ்சுல காது வைப்பான். "இளைப்புச் சத்தமே இல்லம்மா"ன்னு சந்தோசமாச் சொல்லுவான். சொல்ற அவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.