அடுப்புக்கும் ஹாலுக்கும் நடுவே

மாடுலர் கிச்சன் விற்கப் போகிறவள் முதலில் பழக வேண்டியது, வாய் வரை வந்துவிட்ட 'முடியாது' என்ற சொல்லை விழுங்குவது. அளவெடுக்கும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். ரிட்டயராகி, டெல்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நம் ஜனங்கள் துவாரகா பக்கம் சொந்த ஃப்ளாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷோரூமில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வீடுகளெல்லாம் என் தலையில்.

சுவர் வேண்டும், வேண்டாம்

சரோஜா ஆன்ட்டியின் புது ஃப்ளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது. அங்கிளுக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன ஹோட்டலா? வர்றவங்க எல்லாம் கழுவாத பாத்திரத்தைப் பார்க்கணுமா? ஒரு தடுப்பு போட்டுடும்மா" என்றார்.

ஆன்ட்டி மெதுவாகச் சொன்னார்: "குவார்ட்டர்ஸ்ல அடுப்படி கடைசியில. நீங்களும் பிள்ளைங்களும் டிவி பார்த்துச் சிரிப்பீங்க. கையைத் துடைச்சுக்கிட்டு ஓடி வருவேன். அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்." அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம், "திறந்தே இருக்கட்டும்மா" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு கதவின் கீலைச் சரிசெய்யப் போனேன். மேடைக்கு இந்தப் பக்கம் அங்கிள், அந்தப் பக்கம் ஆன்ட்டி. சந்தோஷமா என்று கேட்டதற்கு ஆன்ட்டி சொன்னார்: "என்ன பேசறதுன்னுதான் ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியலை. அதுவரைக்கும் பூண்டு உரிக்கறோம்."

வெள்ளை

டெல்லியை அடுத்த குர்காவில் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பத்திரிகைப் படத்தில் பார்த்தது போலக் கைப்பிடிகூட இல்லாத, பால் வெள்ளைக் கிச்சன் கேட்டாள்; செய்து கொடுத்தோம். குளிர்காலத்தில் சர்வீசுக்குப் போனால் கிச்சன் அப்படியே பளபளக்கிறது, ஆளைக் காணோம். பால்கனியில் சின்ன அடுப்பை வைத்து, நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய அப்பளத்தைக் கணவன் பொரிக்க, அவள் முக்காலியில் உட்கார்ந்து சூடு ஆறுமுன் நொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்றை நீட்டியபடி சொன்னாள்: "எண்ணெய் தெறிச்சு கிச்சன் கராப் ஆயிடும்னு இங்கே வந்தோம் அக்கா. அச்சா ஹுவா, நல்லதாப் போச்சு, வெயிலும் இங்கேதான் வருது."

ஒரு பக்கம் தாழ்வாக

முத்தையா சார் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவர் மனைவி பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சு குழறும், வலது கை மட்டும் நன்றாக வேலை செய்தது. "நான் சமைக்கிறது அவளுக்கு இறங்க மாட்டேங்குது. நாளுக்கு நாள் மெலியறா. அவ உட்கார்ந்தே காய் வெட்டற மாதிரி மேடை வேணும்" என்றார்.

எங்கள் கேட்டலாக்கில் மேடைகளெல்லாம் ஒரே உயரம். மேனேஜர் ஒத்துக்கொள்ளவே இல்லை. விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "செய்துக்கோ, ஆனா வாரண்டி கிடையாது" என்றார். தயங்கித் தயங்கி அதைச் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க ரெண்டு பேருக்குமே வாரண்டி கிடையாதும்மா. நீங்க போடுங்க."

ஒரு பக்கம் மேடையைத் தாழ்த்தி, அடியில் அலமாரி வைக்காமல் விட்டோம். வேலை முடிந்த அன்று சார் நாற்காலியைத் தள்ளி வந்தார். அது மேடைக்கு அடியில் தட்டாமல் நுழைந்தது. அந்த அம்மா கத்தியை எடுத்து ஒரு பீன்ஸை நறுக்கினார். பிறகு இன்னொன்று. சார் ஃபிரிட்ஜைத் திறந்து, எதையோ தேடுவது போல உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுப்பில் சார் வைத்திருந்த சாம்பாரை அந்த அம்மா சைகையால் கேட்டார். கொஞ்சம் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் திரட்டிச் சொன்னார்: "இத்தனை நாளும்... இதையா... சாப்பிட்டேன்?"

எங்கள் கேட்டலாக்கில் இருந்தது போன்ற சமையலறையை, எங்கள் கேட்டலாக்கைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.