நிறங்களைக் குறைத்த கதை

கொழும்பில் இருக்கிற ஒரு கம்பனிக்கு, திருகோணமலையில் என் வீட்டு முன்னறையில் இருந்தபடி புரோகிராம் எழுதுகிறேன். யன்னலைத் திறந்தால் துறைமுகத் தண்ணீர் தெரியும். நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், கண்ணில் இறங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னபோது எனக்கு முதலில் வந்த பயம் கண்ணைப் பற்றியது அல்ல. கம்பனிக்குத் தெரிந்தால் வேலையில் வைத்திருக்க மாட்டார்களே என்பதுதான். லேசர் பிடித்த டொக்டர், "இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது திரும்பாது" என்றார். கணவரைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

வெள்ளைத் திரை கண்ணைக் கூசவைத்தது. புரோகிராம் எழுதுகிற எடிட்டருக்குக் கறுப்புப் பின்னணியில் ஒரு தீம், அதாவது எழுத்துக்கு வகைக்கொரு நிறம் கொடுக்கிற அமைப்பு, தேடத் தொடங்கினேன். புடவைக்கடையில் அலுமாரி முழுவதையும் இறக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் காட்டியதையே வாங்கி வருகிற ஆள் நான். இங்கேயும் அதே கூத்துத்தான். ஊதா, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று திருவிழா லைட் போட்டது போன்ற ஒன்றை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது.

பிழை என்னவென்றால், அதை நான் கச்சான் காலத்தில் தெரிவு செய்தேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்தில் பகலில் யன்னல் திறக்க மாட்டார்கள். அனலும் புழுதியும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். சாத்திய அறையின் இருட்டுக்குக் கறுப்புத் திரை நன்றாகவே ஒத்துப்போனது. பிறகு காற்று ஓய்ந்தது. சந்தோசமாக எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு வேலைக்கு இருந்தேன். திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

வெளிச்சத்தை நினைத்திருக்க வேண்டிய மனம் நேரே கண்ணுக்குப் போனது. அந்த நேரம் பார்த்துக் கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண் போயிட்டுது போல கிடக்கு."

முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்டும் தெரியேல்லை. என்ர மூஞ்சிதான் தெரியுது. பின்னால கடலும் தெரியுது."

போய் யன்னலைச் சாத்தினார். எழுத்துகள் எல்லாம் திரும்பி வந்தன. நான் விம்மி விம்மி அழுதேன். "விசர் பிடிச்ச மனுசி" என்று முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு மற்றக் கன்னத்தை வழிக்கப் போனார்.

யன்னலைச் சாத்திக்கொண்டு வருசம் முழுக்கப் புழுங்க முடியாது. வேறு ஆட்கள் செய்த தீம் எதுவும் வேண்டாம், எனக்கு நானே செய்கிறேன் என்று வீம்பு வந்தது. நல்ல மத்தியான வெயிலில், யன்னல் விரியத் திறந்திருக்க, வேலையைத் தொடங்கினேன். பளிச்சென்ற வெள்ளையைப் பழைய தாளின் நிறத்துக்கு மங்கவைத்தேன். எழுத்து கறுப்பு. பிறகு ஒவ்வொரு நிறத்தையும் நிறுத்தி, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். இலக்கம் இலக்கமாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்குச் செம்மஞ்சள்? ஒவ்வொன்றாக வெளியே போயின.

கடைசியில் கொமென்ட் மிஞ்சியது. புரோகிராமுக்கு நடுவே மனிதர் மனிதருக்கு எழுதி வைக்கிற குறிப்பு அது. கணினி அதை வாசிப்பதில்லை. அதனாலோ என்னவோ, நான் பார்த்த தீம் எல்லாம் அதை மங்கல் சாம்பலில் ஒளித்து வைத்திருந்தன. எனக்கு அதில் சரியான கோபம். 'இந்த வரியை அழிக்காதீர்கள், ஏன் என்று எனக்கும் தெரியாது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? அதற்கு மட்டும் நல்ல நீலம் கொடுத்தேன். கண் நோகாமல் பின்னேரம் வரை வாசிக்க முடிந்தது.

அந்தக் கிழமை நடந்த ஓன்லைன் கூட்டத்தில் என் திரையை எல்லாருக்கும் காட்ட வேண்டி வந்தது. எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர். வேலையை விடச் சொல்வதென்றால் அவர்தான் சொல்ல வேண்டும்.

"என்னக்கா, எடிட்டர் பழுதாப் போச்சுதோ? ஒரு நிறத்தையும் காணேல்லை," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். "பழையதைப் போடுங்கோ. எல்லாருக்கும் பழகினது."

சும்மா புதிதாக ஒன்றைப் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். சிரிப்பைக் கேட்டதும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஏலாது. சீனி வருத்தத்தால என்ர கண் பழுதாப் போச்சு. இதிலதான் எனக்கு வாசிக்க ஏலும்."

"சரி அக்கா," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விசயத்துக்குப் போனார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கூட்டம் முடிந்ததும், வெளியே போயிருந்த கணவருக்குப் போன் எடுத்து அப்படியே சொன்னேன். "சொன்னது நல்லது" என்றார், ஆனால் அவருடைய குரலும் இறங்கித்தான் இருந்தது.

மத்தியானம் பொறுப்பானவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. திறக்கவே கை வரவில்லை.

"அக்கா, அந்தத் தீம் எனக்கும் அனுப்புவீங்களோ? எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரிச்சுத் தெரியாது. பிறந்ததில இருந்தே அப்பிடித்தான். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

எங்கள் தொழிலில் நாங்கள் மாற்றிய வரிகளை அவர் பார்த்துச் சம்மதித்தால்தான் அவை கம்பனியின் புரோகிராமுக்குள் போகும். நீக்கிய வரி சிவப்பில் தெரியும், சேர்த்த வரி பச்சையில் தெரியும். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற கண்ணோடு, பக்கத்தில் இருக்கிற சின்னக் கூட்டல் கழித்தல் குறிகளைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் இவ்வளவு காலமும் எங்கள் எல்லாருடைய வேலையையும் பார்த்திருக்கிறார்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று எழுதினேன்.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பயந்துதான்" என்று எழுதி அனுப்பினேன்.