இன்னா ஒடம்பு?

“இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல ‘ஒடம்பு சரியில்ல’ன்னு ஒரு நாளும் சீட்டு எழுதுனதில்ல. எழுதவும் மாட்டேன். மெய்யான நோவுக்குப் பேரு இருக்கும்ப்பா. பேரில்லாதது எல்லாம் டூப்பு.”

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவு சூப்பர்வைசர் நயீம் அகமது, இன்று காலை டீ இடைவேளையில் வெளியிட்ட பிரகடனம் இது. விடுப்புச் சீட்டில் முதல் கையெழுத்து அவருடையது. ஆகவே அந்த இரண்டு சொற்களில் அவருக்கு அபாரப் புலமை. திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை கல்யாண பிரியாணி. பரீட்சை மாதத்தில் என்றால் பிள்ளையின் பள்ளிக்கூடம். இரண்டுமில்லை என்றால் மாமியாரோடு சண்டை. நான்காவது அர்த்தம் கிடையாது.

போன மாதம் அவர் லைனில் தைக்கும் கலையரசி சீட்டை நீட்டியபோதும் கேட்டார்: “இன்னா ஒடம்பு? காய்ச்சலா, தலைவலியா? பேரு சொல்லும்மா.”

“பேரு தெரிஞ்சா நேரா மருந்துக்கடைக்குப் போயிருப்பேன் சார். ஒங்ககிட்ட எதுக்கு வர்றேன்?”

தையல் லைனே சிரித்தது. சீட்டில் கையெழுத்து விழவில்லை.

நயீம் தன் மகள் அம்பரீனை மேல்விஷாரத்தில் கட்டிக்கொடுத்து ஐந்து நாள்தான் ஆகிறது. நாளை கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மாகி. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வர வேண்டும். கறிக்குச் சொல்லியாயிற்று. பத்தரை மணிக்குச் சம்பந்தியம்மா போன் செய்தார்.

“நாளைக்கு வர்றதுக்கில்ல பாய். பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல.”

இருபத்து மூன்று வருஷக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தி வீட்டாரிடம் கேட்கிற கேள்வியா அது? விழுங்கிவிட்டு மகளைப் போனில் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்லப்பா. ஒடம்பு சரியில்ல, அவ்ளோதான்.” குரல் கம்மியாக இருந்தது. பக்கத்தில் யாரோ நிற்கிறார்களோ?

அவருடைய புலமை அவர் மேலேயே பாய்ந்தது. இன்று திங்கட்கிழமை இல்லை. அவளுக்குப் பரீட்சையும் இல்லை. மீதி இருந்தது ஒன்றே ஒன்று.

உட்கார்ந்தார், எழுந்தார். மூன்று டீ குடித்தார். லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். போனை எடுத்துப் பார்த்து, மறுபடி பையில் போட்டார். தைத்து வந்த ஷூ மேல்தோல்களைத் தானே ஜோடி சேர்த்து அடுக்கினார்.

“சார்,” என்றாள் கலையரசி, “இந்த ஜோடியில ரெண்டுமே எடது காலு.”

பன்னிரண்டு மணிக்கு ஒரு சீட்டை எடுத்தார். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. ‘மகளைப் பார்க்க’ என்று எழுதலாம். சாயங்காலத்துக்குள் ஊரே கேட்கும்: கட்டிக்கொடுத்து ஐந்தாம் நாளே அங்கே என்ன ரகளை? காய்ச்சல் என்று எழுதலாம். நெற்றி சில்லென்று இருந்தது. நெஞ்சு மட்டும் தையல் மெஷின் போல அடித்தது. அதற்குப் பேர் தெரியவில்லை.

அந்த இரண்டு சொற்களையே பொடி எழுத்தில் எழுதி, மேனேஜரிடம் சேர்க்கச் சொல்லிக் கலையரசியிடம் நீட்டினார். அவள் படித்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்:

“இன்னா ஒடம்பு சார்?”

“தெரியலம்மா,” என்று சொல்லிவிட்டு, மேல்விஷாரம் போக வேலூர் பஸ் பிடிக்க வேகமாக நடந்தார்.