கந்தோரில் நான் சொல்லாமல் விட்டவை

போன வாரம் ஒரு போத்தல் பசை வாங்கினேன். பஸ் டிக்கட், மருந்துச் சீட்டு, மின்சாரப் பட்டியல் என்று எதையும் எறியாமல் நாட்குறிப்பில் ஒட்டி வைக்கிற ஆள் நான். இதனால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. வழக்கமான குச்சிப் பசை கடையில் முடிந்துவிட்டது. பழைய மாதிரி, சிவப்பு ரப்பர் மூடி போட்ட மஞ்சள் பசைதான் இருந்தது. மேசையில் வைத்து மூடியைக் கழற்றியதும் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இனிப்புமாக ஒரு வாசம் வந்தது. கூடவே எனக்குக் கோபமும் வந்தது. பசைமேல் ஒருவனுக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் யோசித்தேன். பிறகு பிடிபட்டது. அது கந்தோர் வாசம்.

அரசாங்க அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் கந்தோர் என்றுதான் சொல்வோம். எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அவ்வளவு போதும். இடுப்பளவு மரத்தடுப்பு, அதற்குப் பின்னால் மேசை, மேசையில் இதே பசைப் போத்தல். தடுப்புக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக ஒரு நீள வாங்கு. அந்த வாங்கில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகு படாமல் நிற்பார்கள். கோயிலில்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்து மூன்று வயது. தெஹியோவிட்ட கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துப் பையன்களோடு ஆற்றில் குதித்துக் கற்றது பாதி, கடையில் கற்றது பாதி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்காவது ஆஸ்பத்திரி, பொலிஸ், கந்தோர் என்று ஏதாவது வந்தால், "தம்பி இருக்கா?" என்று எங்கள் வாசலுக்கு வருவார்கள். முதலாளி செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுவார். நான் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு புறப்படுவேன். ஒன்று எழுத, மற்றது கந்தோரில் கேட்பவர்களுக்குக் கொடுக்க. கொடுத்தது திரும்பி வந்ததாக நாட்குறிப்பில் எங்கும் இல்லை.

மொழிபெயர்ப்பதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. அந்தப் பக்கம் காரமாக வருவதை இந்தப் பக்கம் இனிப்பாக்கிக் கொடுப்பேன். கத்தினால் கேட்டார் என்பேன், விரட்டினால் பிறகு வரச் சொல்கிறார் என்பேன். இதில் சின்னச் சின்ன விபத்துகளும் உண்டு. ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரின் திட்டை வடிகட்டப் போய், "சாப்பாட்டுக்கு முன்" என்பதும் சேர்ந்து வடிந்துவிட்டது. நல்ல வேளை, வெறும் இருமல் மருந்து. இரவில் நாட்குறிப்பின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நான் சொன்னது. அப்போது அதைத் திறமை என்று நினைத்தேன். இன்று படித்தால் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. யாருடைய கன்னம் என்பதில் மட்டும்தான் குழப்பம்.

பூங்காவனம் அக்கா எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர், புருஷன் இல்லை, ஒரே மகள் லோகேஸ்வரி. அந்த வருடம் டிசம்பரில் லோகேஸ்வரிக்கு ஓ.எல். என்கிற பொதுப் பரீட்சை. பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கேட்டபோதுதான் பதினாறு வருடமாகத் தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்த அந்தக் கடதாசியை வெளியே எடுத்தார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. நான்தான் வாசித்தேன். பெயர் சரி, தாயின் பெயர் சரி, பால் என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்தது.

"என்னா தம்பி, ஒரு மாதிரி பாக்குற?"

சொன்னேன். அக்கா சிரித்தார். "அப்ப நாளையிலேருந்து இவனே வெறகு வெட்டட்டும்." லோகேஸ்வரியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். ஒரு சொல்லைத் திருத்தி முத்திரை குத்துவது எவ்வளவு நேரத்து வேலை என்று நினைத்தோம்.

முதல் முறை போனபோது தடுப்புக்குப் பின்னால் இருந்த மேசைக்காரர் கடதாசியைத் தொடவே இல்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "தள்ளி நிற்கச் சொல், நாறுது" என்றார் சிங்களத்தில். ரப்பர் பால் புளித்த வாசம் பால் வெட்டுகிறவர்களின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை தரம் குளித்தாலும் போகாது. என் அம்மாவின் சேலையிலும் அந்த வாசம்தான் இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு தூங்கித்தான் நான் வளர்ந்தேன். அம்மாவைச் சொன்னது போலவே எனக்குச் சுட்டது. ஆனாலும் திரும்பி, "வரிசையில நிக்கச் சொல்றாருக்கா" என்றேன்.

"நிப்போம்" என்றார் அக்கா.

இரண்டாம் முறை பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். "மேகொல்லன்ட மொக்கடத விபாக?" என்றார் அவர். இதுகளுக்கு எதற்குப் பரீட்சை என்று பொருள். மரம் காத்துக்கொண்டிருக்கிறது, கத்தி காத்துக்கொண்டிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். "பரீட்சை எப்பன்னு கேக்குறாரு" என்றேன் நான்.

"டிசம்பர்னு சொல்லு தம்பி."

மூன்றாம் முறை, பிள்ளையைக் கூட்டிவந்து காட்டச் சொன்னதால் லோகேஸ்வரியும் வந்தாள். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு, இரட்டைப் பின்னல். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கடதாசியைப் பார்த்தார். "இது பெண்ணென்று நான் எப்படி நம்புவது?" என்று வரிசை முழுதும் கேட்கச் சத்தமாகக் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். என்னாலும் இப்போது சொல்ல முடியும். அன்று என் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. "பிள்ள நல்லா படிக்குதான்னு கேக்குறாருக்கா."

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா படிக்கும்னு சொல்லு" என்றார். லோகேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் எங்களோடு வரவில்லை. பாடம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இப்படி வசதியாக நினைத்துக்கொள்வதில் எனக்கு நிகர் கிடையாது.

நான்காம் முறை அக்கா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். சொந்தக் கொல்லையில் பழுத்த கோழிக்கூட்டுப் பழம். மேசைக்காரர் அதை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை என்றார். அந்த அடுத்த கிழமை ஆள் லீவு. ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு ஒரு நாள் வேலை போனது. விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளும் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு விஷயத்தை இப்போது நினைக்கத்தான் உடம்பு எரிகிறது. அதே கட்டிடத்தில், மாடியில் இவருக்கு மேலான ஓர் அதிகாரி இருந்தார். அவரிடம் போய்ச் சொல்லலாம் என்ற யோசனை எனக்கு வரவில்லை. எப்படி வரும்? என் மொழிபெயர்ப்பின்படி எல்லாம் நல்லபடியாகத்தானே நடந்துகொண்டிருந்தது!

ஆறாம் முறை நல்ல மழை. எங்களுக்கு முன்னால் வெற்றிலை மென்றபடி ஒரு சிங்களக் கிழவி. நிலப் பத்திரத்துக்காக அவரும் பல நாளாக நடக்கிறவர்தான். ஆனால் அவருக்கு வாங்கில் இடம் இருந்தது. எங்கள் முறை வந்தது. மேசைக்காரர் தலையைத் தூக்காமலே, "திரும்பவும் அந்த ஆம்பிளைப் பிள்ளையின் தாயா? புது வருடம் பிறந்த பிறகு வரச் சொல்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பூங்காவனம் அக்கா என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேசினார். சிங்களத்தில். சந்தைச் சிங்களம்தான், மேடுபள்ளம் நிறைந்தது. ஆனால் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி வரும்:

"மாத்தயா, பழம் இனிப்பா இருந்திச்சா? நாறுற கையாலதான் பறிச்சேன், அது நாறலயா? எம்புள்ள பொம்பளப்புள்ளையான்னு கேட்டீங்க. நாந்தான் பெத்தேன், எனக்குத் தெரியும். உங்க வீட்டுலயும் பொம்பளப்புள்ள இருக்கும். அத இப்புடி நாலு பேரு முன்னால நிக்க வச்சு ஒருத்தன் கேட்டா கேட்டுக்கிட்டு இருப்பீங்களா? செய்ய ஏலாதுன்னா ஏலாதுன்னு இந்தக் கடுதாசில எழுதி ஒப்பம் வச்சுக் குடுங்க. நான் மாடிக்குப் போறேன்."

வாங்கிலிருந்த கிழவி, "கியன்ன, கியன்ன" என்றார். சொல்லு, சொல்லு என்று அர்த்தம். ஆறு பயணத்தில் எங்கள் பக்கம் பேசிய ஒரே குரல் அது.

மேசைக்காரர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "இந்த மனுசிக்குச் சிங்களம் தெரியும் என்று நீ ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். தெரியும் என்று தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டாராம்! ஆக, அவர் பேசியதெல்லாம் என்னை நம்பித்தான். இந்தப் பையன் நல்லவன், எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டான் என்று என் முகத்தைப் பார்த்த முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கிறார். என் மரியாதையெல்லாம் அவருக்குத்தான் குடை பிடித்திருக்கிறது.

திருத்தத்துக்கு அன்றைக்கே எழுதி, ஒட்டி, முத்திரை குத்தி மேலே அனுப்பினார். இருபது நிமிட வேலை. நான் கடிகாரம் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மொத நாள்லேருந்தே வெளங்கிச்சாக்கா?"

"முப்பது வருசமா சந்தைக்குப் போறேன். வெளங்காம?"

"அப்ப ஏன் என்னையக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நாங்க பேசுனா சிரிப்பானுங்க. சட்ட போட்டவன் பேசுனா கேப்பானுங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் பழம்?"

"கைநீட்டி ஒண்ண வாங்கிட்டா மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் வருமேன்னு பாத்தேன். பழந்தான் போச்சு."

பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒவ்வொரு தடவயும் நீ அத மாத்திச் சொல்லப் படுற பாடு இருக்கே தம்பி, பாக்கவே பாவமா இருக்கும். எனக்கு வெளங்கிருச்சுன்னு தெரிஞ்சா ஒனக்கு வெக்கமாப் போயிருமேன்னுதான் பேசாம இருந்தேன். எனக்கு நோவும்னு நீ மறச்ச, ஒனக்கு நோவும்னு நான் மறச்சேன். அவனுக்கு ஒரு நோவும் இல்ல."

"லோகேஸ்வரிக்கு?"

"அதுக்கும் வெளங்கும். அன்னைக்கு வந்து சோறு திங்கல."

திருத்திய பத்திரம் எங்கள் கைக்கு வந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்து ஒன்பது நாள். தலைமை ஆசிரியர் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்று எல்லோரும் சொன்னோம். 'அடுத்த வருடம்' என்பதை எங்கள் தோட்டத்தில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவோம்! தை பிறந்ததும் லோகேஸ்வரி அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். அந்தப் பத்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது அதற்குத்தான்.

அதன்பிறகு நான் யாரோடும் கந்தோருக்குப் போகவில்லை என்று எழுத ஆசைதான். போனேன். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே சொல்லப் பழகினேன். அது எளிதாக இல்லை. சிலர் என்மேலேயே கோபப்பட்டார்கள், "நல்ல விதமா சொல்லத் தெரியாதா ஒனக்கு?" என்று. மெல்ல மெல்ல என்னைக் கூப்பிடுவது குறைந்தது. இப்போது விண்ணப்பங்கள் மூன்று மொழியில் வருகின்றன, சில கந்தோர்களில் தமிழ் பேசும் பிள்ளைகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வாங்கில் எங்கள் ஆட்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். பூங்காவனம் அக்கா இதையெல்லாம் பார்க்க இல்லை.

லோகேஸ்வரியைக் கடைசியாகப் பார்த்தது இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு பஸ் நிலையத்தில். கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள், தோளில் இரண்டு பை. பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டர் பைகளைப் பார்த்து முகம் சுளித்து, தோட்டத்து ஆட்களைப் பற்றிச் சிங்களத்தில் ஒன்று சொன்னான். பழக்க தோஷம், அதற்கு ஓர் இனிப்பான தமிழ் என் தலைக்குள் தயாராகிவிட்டது.

"அம்மா, அந்த மாமா என்னா சொன்னாரு?" என்றது பிள்ளை.

லோகேஸ்வரி குனிந்து, அவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

"ஏன் அப்புடிச் சொன்னாரு?"

"தெரியாது. வா, கேப்போம்."

பைகளைப் படியிலேயே வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனாள். எங்கள் காலத்தில் அப்படியொரு பேச்சு ஒரு பிள்ளையின் காதுக்குப் போக, நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனைத் தாண்ட வேண்டியிருந்தது. அன்று அங்கே அப்படி யாரும் இல்லை. நான் ஓரமாக நின்று, அவன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று மற்றவர்களைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தேன்.