சிலந்தியைப் புதைக்க அனுமதி

பதிவு செய்த வெளிநாட்டு உயிரினம் வீட்டில் இறந்தால் உரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பதில் வரும்வரை புதைக்கக்கூடாது என்று அதில் இல்லை. அதை ஓய்வுபெற்ற அதிகாரியான நானே சேர்த்துக்கொண்டேன்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போன மகள், உள்ளங்கை அகல டாரன்டுலா சிலந்தியைக் கோச்சடையிலுள்ள எங்கள் வீட்டில் என்னிடம் ஒப்படைத்திருந்தாள். பெயர் ராணி. கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருள்ள கரப்பான் போடுவதும் தண்ணீர் வைப்பதும் என் வேலை. சில வாரங்களாக ராணி எதையும் தொடவில்லை. ஒரு காலையில் மல்லாந்து கிடந்தாள்.

அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

“செத்ததுக்கு என்னங்க காவல்? முருங்கை மரத்தடியில பொதைச்சிட்டு வாங்க,” என்றாள் மனைவி.

“பதில் வரட்டும்.”

“அது வாரதுக்குள்ள நம்மளையே பொதைச்சிருவாங்க.”

நியாயமாகத்தான் பட்டது. மதியம் மண்வெட்டியோடு பெட்டியருகே போனேன். ஒரு கால் அசைந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன், மின்விசிறி ஓடவில்லை. பழைய தோலுக்குள்ளிருந்து வெளிறிய புதுக் கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள் ராணி.

மகளை அழைத்தேன்.

“சட்டை உரிக்கிறப்ப மல்லாந்துதாம்ப்பா படுக்கும். தொட்டுறாதீங்க. நான் சொல்லலையா?”

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பணிக்காலத்தில், தாமதத்தால் யாரும் பிழைத்ததாக நினைவில்லை. அன்று மாலைவரை பெட்டியை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ராணி மறுபடி கரப்பான் பிடிக்கத் தொடங்கி வெகுநாள் கழித்து, இறந்த சிலந்தியைப் புதைத்துக்கொள்ளலாம் என்ற பதில், சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று வந்தது.